இலை போட்ட தயிர்

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் நாலு அறை வைத்து வாடகைக்கு விடுகிறேன். காலைச் சாப்பாடு என் பொறுப்பு. இடியப்பம், சொதி, சம்பல், முட்டை, பப்பாசி, கடைசியில் தயிரும் கித்துள் பாணியும். பதினொரு வருசமாக இந்தக் கடைசிச் சாமானில் ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. கிண்ணியாவிலிருந்து, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சட்டித் தயிர் கொண்டுவருவார், நான் வாங்குவேன், அவ்வளவுதான். போன மாதம் ஜேர்மனியிலிருந்து வந்து தங்கிய ஒரு பெண், மேசையில் இருந்த மாஜரின் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமான் வாங்கும்போது அந்தக் கம்பனி சூழலுக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பீர்களா?" என்று கேட்டார். நான் விலையைப் பார்ப்பேன், திகதியைப் பார்ப்பேன். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஓம், பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பொய்யை மெய்யாக்கத்தான் மறுநாள் டவுனுக்குப் போய் இந்தத் தயிரை வாங்கினேன். கம்பனியின் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன். அந்தக் குறையும் அவர்கள் ஒருவருக்கே உரியது என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குளிரூட்டியில் இருந்த பாதிச் சாமானில் ஏதோ ஒரு இலை இருந்தது.

சாமானைச் சொல்கிறேன். 400 கிராம் கோப்பை. சுற்றிவர மண்ணிறக் கடதாசி உறை. தடவிப் பார்த்தால் உமி கலந்து செய்தது போல ஒரு சொரசொரப்பு. நடுவில் பச்சை இலை, இலையின் நுனியில் ஒரு துளி. அதற்குக் கீழே மூன்று மொழியிலும் இயற்கையை நேசிப்பவர்களின் தயிர் என்று ஒரு வரி. தமிழில் மட்டும் "இயற்க்கை". ஒரு ஒற்று கூட. நேசம் கூடிப்போனால் இப்படி ஆகும் போல. இலை இல்லாத வழமையான கோப்பை பக்கத்திலேயே இருந்தது. இது அதைவிட 120 ரூபாய் கூட. மூடியோடு ஒரு சின்ன மரக்கரண்டி.

முதலில் ருசி. தயிருக்கு விமர்சனம் எழுதிவிட்டு ருசியைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. மேல்தாளை இழுத்தால் ஒரு நகக்கண் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. கரண்டி போட்டால் போன தடம் உடனே மூடிக்கொள்கிறது. புளிப்பு மிகக் குறைவு, பால்மாவின் இனிப்பு நாக்கில் தெரிகிறது. குளிரில் இருந்து எடுத்த கையோடு சாப்பிட்டால் நல்லது, அரை மணி மேசையில் இருந்தால் சோர்ந்துபோகும். பாணி ஊற்றினால் இரண்டும் கலந்து கஞ்சியாகிவிடும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சாப்பிட்டு முடித்த பிறகு நினைவில் எதுவும் நிற்காது.

நானாவின் தயிரோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லைதான். இருந்தாலும் இந்த ஊரில் தயிரைப் பற்றி எழுதிவிட்டு அதை எப்படி விடுவது? அது எருமைப்பால். எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவில் இருக்கும், பசுப்பாலில் அதன் பாதியை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதோடு மண்சட்டி தண்ணீரைக் குடிக்கும். வெளிப்பக்கம் கைவைத்தால் ஈரமாக, சில்லென்று இருக்கும். உள்ளே தயிர் இறுகிக்கொண்டே போகும். மேலே வெண்ணெய் நிறத்தில் ஆடை. அதைக் கரண்டியால் வெட்டினால் வெட்டுமுகம் கிணற்றுக் கட்டுப் போல நேராக நிற்கும், பாணி அந்தக் கட்டில் வழிந்து அடியில் போய்த் தேங்கும். கடைசிக் கரண்டியில் சட்டி சுட்ட புகையின் மணம் லேசாக இருக்கும். இதற்கு மேல் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும்.

இப்போது நான் செய்த விளையாட்டுக்கு வருகிறேன்.

என் தங்கையின் மகன் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சந்தைப்படுத்தல் படிக்கிறான். கடைசி வருட ஆய்வுக்கு அவன் எடுத்த தலைப்பு, உணவுக் கம்பனிகள் சூழலுக்காகச் செய்வதாகச் சொல்வது வாங்குகிறவர்களின் எண்ணத்தை எப்படி மாற்றுகிறது என்பது. வினாக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் திரிந்தான். எனக்கும் ஒன்று தந்தான். "சூழலைக் காக்கும் கம்பனியின் பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தயார்." மிகவும் உடன்படுகிறேன். "கம்பனியின் சூழல் பொறுப்பு என் தெரிவில் தாக்கம் செலுத்துகிறது." மிகவும் உடன்படுகிறேன். கடகடவென்று ஒரே நிரலில் கீழே வரைக்கும் சரி போட்டுக் கொடுத்துவிட்டேன். அவன் பார்த்துவிட்டு, "பெரியம்மா, எல்லாரும் இப்பிடித்தான் போடினம். கடையில நிண்டு பாத்தா ஒருத்தரும் அப்பிடி வாங்கேல்லை" என்றான்.

அவன் சொன்னது எனக்குச் சுட்டது. 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றவள் நான். அன்றைக்கு எந்தப் பைக்கற்றில் என்ன இலை இருந்தது என்று யாராவது பார்த்திருப்போமா? கிடைத்ததே பெரிய காரியம். இன்றைக்கும் மாதக் கடைசியில் ஷாம்பூவைச் சின்னப் பைக்கற்றாகத்தான் வாங்குகிறேன்.

அவன்தான் இன்னொரு கதையும் சொன்னான். சுவீடனில் யெவ்லெ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு ஆய்வு. ஒரே கோப்பியை இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, ஒன்றை மட்டும் சூழலுக்கு உகந்த முறையில் விளைந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். குடித்தவர்களுக்கு, முக்கியமாகச் சூழலைப் பற்றி அக்கறை உள்ளவர்களுக்கு, அந்தக் கோப்பைதான் ருசித்திருக்கிறது. அதற்குக் கூட விலை கொடுக்கவும் தயாராக இருந்திருக்கிறார்கள்.

அதைக் கேட்ட பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. இலைக் கோப்பையைக் கழுவி, உறையைத் திரும்பப் போட்டு, நானா சனிக்கிழமை தந்த சட்டித் தயிரில் பாதியை அதற்குள் வெட்டிப் போட்டேன். மீதிப் பாதியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில். ஞாயிறு காலை இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்தேன். ஜேர்மன் தம்பதி புறாத்தீவுக்குப் படகு பிடிக்கவேண்டும் என்று ஆறரைக்கே வந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேரும் இலைக் கோப்பையைக் காட்டினார்கள். பிறகு கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு கணவன், மனைவி. மனைவி இலையைத்தான் சொன்னார், "கெமிக்கல் இல்லாத டேஸ்ட் இதுல தெரியுது" என்றும் சேர்த்துக்கொண்டார். கணவர் கண்ணாடிக் கிண்ணத்தில் புளிப்பு நல்லாயிருக்கிறது என்றார். என் தங்கச்சி இலை. கடைசியாக அம்மா. இரண்டிலும் ஒவ்வொரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டும் கிண்ணியாத் தயிர்தானே. ஏன் பிள்ளை ஒண்டை டப்பாக்குள்ள போட்டு வைச்சிருக்கிறாய்?"

ஆறு பேரில் நாலு பேர். ஆறு பேரை வைத்து ஆய்வு என்று சொன்னால் தங்கையின் மகன் அடிப்பான். எனக்கு விளங்கியது இதுதான். இலை எதைப் பற்றிப் பேசுகிறது? மண், காற்று, குப்பை. தயிரின் ருசியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாக்கு அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்கிறது. கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் உபயம் செய்கிற முதலாளியின் கடையில் தராசும் சரியாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நம்பவில்லையா? அதே கணக்கு. "கெமிக்கல் இல்லாத" என்று கொழும்புப் பெண் சொன்னாரே, கோப்பையில் எந்த இடத்திலும் அந்தச் சொல் இல்லை. இலையைப் பார்த்து அவரே எழுதிக்கொண்டது.

சரி, இலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? உறையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். உள்ளே வழமையான வெள்ளைப் பிளாஸ்டிக் கோப்பை. அடியில் முக்கோண அம்புக்குறி, அதற்குள் 5. பக்கத்துக் குளிரூட்டித் தட்டில் இருந்த மலிவுக் கோப்பையின் அடியிலும் அதே 5 தான். பொலிபுரோப்பிலீன். 120 ரூபாய் கூடக் கொடுத்து நான் வாங்கியது ஒரு கடதாசிச் சட்டை.

அந்த அம்புக்குறியிலும் ஒரு கதை இருக்கிறது. சுற்றிவரும் மூன்று அம்பு 1970இல் கரி அண்டர்சன் என்ற அமெரிக்க மாணவர் ஒரு போட்டிக்காக வரைந்தது. அதைப் போன்ற முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை இலக்கம் போடும் முறையை 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்தது. அந்த இலக்கம் பிளாஸ்டிக்கின் இனத்தை மட்டும்தான் சொல்கிறது. திரும்ப உருக்குவார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நாங்கள் எல்லாரும் அம்பைப் பார்த்து நிம்மதியாகக் குப்பையில் போடுகிறோம்.

எங்கள் ஒழுங்கைக்குப் பழைய இரும்பு, போத்தல் எடுக்க ஒருவர் சைக்கிளில் வருவார். கோப்பையைக் காட்டினேன். கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "சோடாப் போத்தல் எண்டா தாங்கோ அக்கா. இது ஒருத்தரும் எடுக்கமாட்டினம்." உலகத்தில் வேறு எங்கேயாவது 5ஆம் இலக்கத்தை எடுப்பார்கள். எங்கள் ஒழுங்கையில் மறுசுழற்சி என்பது அந்தச் சைக்கிள் எடுப்பது, எடுக்காதது. அவ்வளவுதான்.

இலைக்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று தேடினேன். தேயிலைப் பைக்கற்றில் பச்சைத் தவளை பார்த்திருப்பீர்கள். அது ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் முத்திரை. 1987 முதல் இருக்கிறார்கள், குறை நிறை எதுவானாலும் கேட்க ஓர் ஆள் உண்டு. இந்த இலைக்குப் பின்னால் அப்படி ஒருவரும் இல்லை. சான்றிதழ் இலக்கம் இல்லை, அமைப்பின் பெயர் இல்லை. இலைதான் உண்டு. ஐரோப்பிய ஆணைக்குழு 2020இல் இப்படியான சூழல் வாசகங்களை ஆராய்ந்தபோது 53 சதவீதமானவை தெளிவில்லாதவை, திசைதிருப்புபவை அல்லது ஆதாரமில்லாதவை என்று கண்டிருக்கிறது. நிரூபிக்க முடியாமல் "சூழலுக்கு உகந்தது" என்று பொதுப்படையாகப் போடுவதை அங்கே 2026 செப்டெம்பர் 27 முதல் தடுக்கிற சட்டமும் வந்திருக்கிறது. ஜேர்மன் பெண் ஏன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

கோப்பையில் ஒரு வாடிக்கையாளர் இலக்கம் இருந்தது. எடுத்தேன். முதலில் சிங்களம், பிறகு ஆங்கிலம், பாட்டு, மறுபடி சிங்களம். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு தமிழில் ஒரு பிள்ளை வந்தார். மரியாதையான பிள்ளை, அவரில் குறை இல்லை. "வெறுங்கோப்பையை எங்கே திருப்பிக் கொடுப்பது?" என்று கேட்டேன்.

"நாங்கள் மரம் நடுகிறோம் மேடம்."

"நல்லது பிள்ளை. கோப்பையை?"

"ஒவ்வொரு வருசமும் நடுகிறோம் மேடம்."

"திருகோணமலையில் கோப்பை எடுக்கிற இடம் ஏதும் இருக்கிறதா?"

கொஞ்சம் மௌனம். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறேன் மேடம்." பதிவு செய்தார். இன்றைக்கு மூன்று கிழமை.

மரம் நடுவது நல்ல காரியம். ஆனால் என் கையில் இருந்தது மரம் இல்லையே. கம்பனிகள் சூழலுக்குச் செய்வதாகச் சொல்கிறவற்றில் பெரும்பாலும் இப்படி ஒரு நழுவல் இருக்கிறது. தங்கள் பொருள் செய்கிற கெடுதியை விட்டுவிட்டு வேறு எங்கேயோ ஒரு நன்மையைக் காட்டுவார்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது கன்று.

நான் தினமும் காலையில் உப்புவெளிப் பக்கம் கடற்கரையில் நடப்பேன். மாரிக்குப் பிறகு அங்கே ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்தால் பெரிய கடை ஒன்றின் தட்டைக் கவிழ்த்து விட்டது போல இருக்கும். பிஸ்கட் உறை, சோடாப் போத்தல், ஐஸ்கிரீம் கோப்பை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மலைநாட்டையெல்லாம் கழுவிக்கொண்டு வந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலைத் தொடுகிறது. அங்கே எறிந்ததும் இந்தப் பக்கம் வர வழி இருக்கிறது. உப்பும் வெயிலும் பட்டு விலை அழிந்திருக்கும், திகதி அழிந்திருக்கும். கம்பனியின் பெயர் மட்டும் அப்படியே இருக்கும். தொலைக்காட்சியில் எத்தனை இலை காட்டினாலும் எனக்கு அந்தப் பெயரோடு வருவது மணலில் பாதி புதைந்த அந்த உறைதான்.

உலகம் முழுக்கவும் இப்படிப் பெயர் பார்த்து எண்ணுகிறார்கள். 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் தொண்டர்கள் பொறுக்கிய பிளாஸ்டிக்கை வைத்து 2024இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாதிக்கு மேல் பெயர் தெரியாத துண்டுகள். பெயர் தெரிந்தவற்றில் பாதிக்கு மேல் 56 கம்பனிகளுடையவை. 11 சதவீதத்தோடு கொக்கா கோலா முதலாவது. அந்தக் கம்பனி 2030க்குள் தன் பானங்களில் 25 சதவீதத்தைத் திரும்பப் பாவிக்கும் போத்தல்களில் கொடுப்பதாக 2022இல் வாக்குக் கொடுத்திருந்தது. 2024 டிசம்பரில் புதிய இலக்குகளை வெளியிட்டபோது அந்த வாக்கு அதில் இல்லை. சின்ன வயதில் நாங்கள் சோடா குடித்தால் வெறும்போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அடுத்ததை வாங்குவோம். அன்றைக்கு அதற்குச் சூழல் பொறுப்பு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. போத்தல் காசு என்றுதான் சொன்னோம்.

பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமான்களைப் பார்க்காமல் கோணேசர் கோயிலுக்குப் போய்வர முடியாது. ஒரு நாள் ஒரு மான் சோற்றுப் பருக்கை ஒட்டிய லன்ச் சீட்டை, சோற்றுப் பொதி கட்டுகிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை, மென்றுகொண்டு நின்றது. நான் "சூ, சூ" என்று விரட்டினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிட்டது. லன்ச் சீட்டுக்குத் தடை வந்தது 2017 செப்டெம்பரில். அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்புப் பக்கம் மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்த பிறகு வந்த சட்டம். நான் மானைப் பார்த்தது அதற்கும் பிறகு. ஆனாலும் சட்டம் வேலை செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2023 ஒக்டோபர் முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், தட்டு, முள்ளுக்கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. எங்கள் வீட்டில் பழையபடி பிரம்புத் தட்டில்தான் இடியப்பம் அவிகிறது. பால் பைக்கற்றில் கடதாசிக் குழாய் வந்தது. தயிரோடு வந்த மரக்கரண்டியையும் கம்பனி தன் நேசத்தின் அடையாளமாகத்தான் காட்டுகிறது. சட்டம் தள்ளியது எவ்வளவு, நேசம் தள்ளியது எவ்வளவு என்று கோப்பையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இயற்கை என்ற சொல்லைக் கேட்டால் தம்பலகாமத்தில் வயல் செய்கிற என் மச்சாள் வீட்டில் முகம் மாறும். 2021இல் அரசாங்கம் இயற்கை விவசாயம் என்று சொல்லி இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தியதே, நவம்பரில் தடையை எடுக்கும்போது அந்தப் பெரும்போகம் போய்விட்டது. "ஓர்கானிக்" என்று பைக்கற்றில் பார்த்தால் நகரத்து ஆட்களுக்கு வயல் பச்சையாகத் தெரியும். அவளுக்கு மஞ்சளாகத்தான் தெரியும்.

இனி நானாவுக்கும் கொஞ்சம் விழட்டும். அவருடைய சட்டியின் வாயை எதனால் மூடிக் கட்டியிருக்கிறார்? பொலித்தீன். நான் இதைப் பதினொரு வருசமாகக் கவனிக்கவே இல்லை. மண்ணைப் பார்த்த கண்ணுக்குப் பொலித்தீன் தெரியவில்லை, இலையைப் பார்த்தவர்களுக்குக் கோப்பை தெரியாதது போலவே. சட்டிக்கு யாரோ ஓரிடத்தில் களிமண் தோண்டுகிறார்கள், விறகு எரிக்கிறார்கள். என் வீட்டுப் பின்பக்கம் அறுபது சட்டிக்கு மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கற்றாழை நட்டது போக மிச்சம். "சட்டியைத் திருப்பி எடுங்கோவன் நானா" என்று கேட்டேன். "ஏலா தங்கச்சி. பால் ஊறின சட்டி. கழுவினாலும் மணக்கும், அடுத்த தயிர் கெட்டுப்போகும்" என்றார். அவர் மரம் நடுகிறேன் என்று சொல்லவில்லை. ஏலா என்றால் ஏலாது. பொலித்தீனைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை சட்டியின் வாயில் பழைய சிமெந்துப் பைக் கடதாசியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அதில் ஓட்டை விழுந்து கொஞ்சம் தூசி உள்ளே போயிருந்தது. இரண்டு பேரும் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி பொலித்தீனுக்கே போயிருக்கிறோம். வாழையிலை வாட்டிக் கட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆக, வாங்கலாமா? பிள்ளைகளுக்கு, மதியச் சோற்றோடு, குளிராகச் சாப்பிட என்றால் பக்கத்தில் இருக்கும் மலிவுக் கோப்பையையே வாங்குங்கள். உள்ளே தயிரின் பதத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்த 120 ரூபாயை, கோப்பையைத் திருப்பி எடுக்கிற ஒரு பெட்டியை இந்த ஊரில் எங்கேயாவது வைத்தால் நானே சந்தோசமாகக் கொடுப்பேன். ஐந்துக்கு இரண்டு. ஒன்று மரக்கரண்டிக்கு, ஒன்று தமிழில் பேசிய அந்தப் பிள்ளைக்கு.

இதை எழுதுகிறேன் என்று சொன்னதும் தங்கையின் மகன் ஒரு சொல்லின் கதையைச் சொன்னான். கம்பனிகள் பச்சைப் பூச்சுப் பூசுவதற்குக் கிரீன்வொஷிங் என்பார்களாம். அந்தச் சொல்லை 1986இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் எழுதியது, துவாயைத் தினமும் கழுவப் போடாதீர்கள், பூமியைக் காப்பாற்றுங்கள் என்று விடுதிகளில் அட்டை வைக்கிறார்களே, அதைப் பற்றி. கழுவுகிற செலவு மிச்சமாவது விடுதிக்காரருக்கு, புண்ணியம் பூமியின் பேரில். சொல்லிவிட்டு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் நாலு குளியலறையிலும் அந்த அட்டை தொங்குகிறது. ஆமை படத்தோடு, டவுனில் லமினேட் பண்ணியது.

அன்று ஞாயிறு விளையாட்டு முடிந்ததும் கொழும்புத் தம்பதியிடம் உண்மையைச் சொன்னேன். மனைவி வயிறு குலுங்கச் சிரித்தார். ஜேர்மன் தம்பதி புறாத்தீவிலிருந்து வந்த கையோடு பையைக் கட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள், சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் விடுதியின் இணையப் பக்கத்தில் அவர்கள் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். காலைச் சாப்பாட்டுக்குச் சூழலைக் காக்கும் தயாரிப்புகளையே பாவிக்கிறார்கள், அந்தத் தயிரின் ருசியை மறக்க முடியாது என்று எழுதி, மேசையின் படமும் போட்டிருக்கிறார்கள். படத்தில் நானாவின் தயிர் நிறைந்த கோப்பை நடுவில் நிற்கிறது, இலை முன்பக்கம் பார்த்தபடி. அதற்குப் பிறகு அறை பதிவு செய்த மூன்று பேரில் இரண்டு பேர் அந்த வரியைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். பதில் எழுதுகிற இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.